தோட்டத்துப் பழைய வீட்டைக் கெசட்டில் ஏற்றுவது எப்படி

வீட்டு முன்னால் பெயர்ப்பலகை நட்டாயிற்று, பேப்பரில் படம் வந்தாயிற்று, சட்டமன்ற உறுப்பினரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். இதில் எதுவும் ஒரு பழைய வீட்டைக் காப்பாற்றாது. மலேசியாவில் ஒரு கட்டடத்துக்கு முழுச் சட்டக் காவல் கிடைப்பது அதன் பெயர் அரசு அறிவிப்பிதழான கெசட்டில் வெளிவந்து மரபுடைமைப் பதிவேட்டில் ஏறிய பிறகுதான். கோலாலம்பூர் அம்பாங் சாலையில் இருந்த போக் ஹவுஸ் மாளிகையைத் தெரியாதவர் இல்லை. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம், அதாவது 645ஆம் சட்டம், 2006 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த மாளிகையை இடித்தார்கள். கெடா, பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி இடிபட்ட செய்தி 2013 இறுதியில் வெளிவந்தது. அது ஆயிரம் ஆண்டுப் பழமை உள்ள கோவில் அடித்தளம். ஆனால் நிலம் தனியாருடையது, கெசட்டிலும் ஏறவில்லை. அதற்கே அந்தக் கதி என்றால் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், குடியிருந்த வீடு எந்த மூலைக்கு?

இங்கே சொல்வது தோட்டப்பட்டணங்களில் எஞ்சி நிற்கும் வீடுகளுக்கான வழிமுறை: துரை (தோட்ட மேலாளர்) பங்களா, கிராணி வீடு, கங்காணி (தொழிலாளர் மேற்பார்வையாளர்) வீடு, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) வீடு, எங்கோ ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கும் லயம் (தொழிலாளர் வரிசை வீடு). பேராக்கின் சுங்கை சிப்புட்டை உதாரணமாக வைத்துக்கொள்கிறோம். வேறு ஊராக இருந்தால் அலுவலகத்தின் பெயர் மாறும், வேலை அதேதான்.

எந்தக் கதவைத் தட்டுவது

பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகியவற்றுக்கு மரபுடைமைக்கென்று சொந்த மாநிலச் சட்டம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும். பேராக் தோட்டப்பட்டணத்தில் கையிலிருக்கும் பெரிய கருவி 645ஆம் சட்டம். அதை நடத்துவது தேசிய மரபுடைமை இலாகா, மலாயில் ஜபாத்தான் வாரிசான் நெகாரா. முடிவெடுப்பவர் மரபுடைமை ஆணையர்.

இந்தச் சட்டத்தில் இரண்டு படி உண்டு. 24ஆம் பிரிவின்கீழ் ஆணையர் ஓர் இடத்தை மரபுடைமைத் தலமாக, அதாவது தாப்பாக் வாரிசானாக, அறிவிக்கலாம். 67ஆம் பிரிவின்கீழ் அமைச்சர் ஒன்றைத் தேசிய மரபுடைமையாகப் பிரகடனம் செய்யலாம். இரண்டாவது நாட்டுக்கே முக்கியமானவற்றுக்கு உரியது. தோட்டத்து வீட்டுக்கு முதல் படியைக் கேளுங்கள். எடுத்த எடுப்பிலேயே தேசியத் தகுதி கேட்கும் மனுக்கள் பெரும்பாலும் மரியாதையான ஒரு பதில் கடிதத்தோடு முடிந்துவிடும்.

இன்னொரு கதவு ஊராட்சி மன்றம். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, அதாவது 172ஆம் சட்டத்தின்படி, இடிப்பதும் கட்டட வேலைதான். அதனால் இடிக்கத் திட்டமிடல் அனுமதி வேண்டும். மன்றத்தின் உள்ளூர்த் திட்டத்தில், அதாவது ரஞ்சாங்கான் தெம்பாத்தானில், உங்கள் வீடு காக்கப்பட வேண்டிய கட்டடமாகக் குறிக்கப்பட்டிருந்தால், இடிக்க வரும் விண்ணப்பத்தை நிராகரிக்க அதிகாரியின் கையில் ஒரு காரணம் இருக்கும். கெசட் அளவுக்கு இது கெட்டியானதல்ல. ஆனால் சீக்கிரம் கிடைக்கக்கூடியது. உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது குறைந்தது 4 வாரம் கருத்துச் சொல்ல இடம் உண்டு. அந்த 4 வாரத்தில் எழுத்து மூலம் கொடுத்த கோரிக்கையைத்தான் மன்றம் விசாரணையில் எடுத்துப் பேசும். இரண்டு கதவையும் ஒரே சமயத்தில் தட்டுங்கள். ஒரே கோப்பு இரண்டுக்கும் பயன்படும்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது

கோப்பின் முதல் காகிதம் வீட்டின் படமாக இருக்கக் கூடாது, நிலப்பட்டாவின் தேடல் சான்றாக இருக்க வேண்டும். தோட்ட வீடுகளுக்குத் தனிப் பட்டா கிடையாது. பல நூறு ஏக்கர் கொண்ட ஒரே பட்டாவுக்குள் வீடும், செம்பனையும், ஸ்டோரும், கோவிலும் சேர்ந்தே கிடக்கும்.

தேடலுக்கு எங்கே போவது என்பதில் பலர் ஒரு நாளை வீணடிக்கிறார்கள். நகர, கிராம நிலங்களுக்கும், 4 ஹெக்டரைத் தாண்டிய நாட்டுப்புற நிலங்களுக்கும் பதிவக உரிமை, அதாவது கெரான் (நிரந்தர உரிமை) அல்லது பஜாக்கான் நெகிரி (குத்தகை). அவை மாநில நில, கனிம அலுவலகத்தில் இருக்கும். பேராக்குக்கு அது ஈப்போ. அதைவிடச் சிறிய நாட்டுப்புற நிலங்களின் கெரான் முக்கிம், பஜாக்கான் முக்கிம் ஆகியவை மாவட்ட நில அலுவலகத்தில் இருக்கும். பெரிய தோட்டத்தின் பட்டாவைத் தேடி நேரே மாவட்ட அலுவலகத்துக்குப் போய் நிற்பதில் பயனில்லை.

தேடல் சான்று கைக்கு வந்ததும் ஆறு இடங்களைப் பாருங்கள். பதிவு பெற்ற உரிமையாளரின் பெயர், லாட் எண், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு), பரப்பு, நிலப் பயன்பாட்டு வகை, கடைசியில் பிணைகளும் தடைகளும். பஜாக்கான் என்றிருந்தால் குத்தகை எப்போது முடிகிறது என்று பாருங்கள். முடியப்போகும் குத்தகை என்றால் மாநில அரசுதான் அடுத்த உரிமையாளர், உங்கள் பேச்சுவார்த்தையும் அங்கேதான். வங்கிக்கு அடமானம் வைத்திருந்தால் உரிமையாளர் தலையசைத்தாலும் வங்கி என்ன சொல்லும் என்று கேட்க வேண்டும். நிலம் எடுப்புச் சட்டத்தின் ஏ பாரமோ டி பாரமோ பட்டாவில் குறிக்கப்பட்டிருந்தால் சாலையோ வேறு அரசுத் திட்டமோ அந்த வழியாக வருகிறது. அப்போது வேகம் முக்கியம்.

பழைய பட்டாவில் பரப்பு ஏக்கர், ரூட், போல் என்று மூன்று எண்ணாக இருக்கும். 3-2-15 என்றால் 3 ஏக்கர், 2 ரூட், 15 போல். ஓர் ஏக்கருக்கு 4 ரூட், ஒரு ரூட்டுக்கு 40 போல். இதைத் தசமமாக நினைத்து 3.215 ஏக்கர் என்று எழுதிவிடும் கோப்புகள் உண்டு. நில அளவை அதிகாரி முதல் பக்கத்திலேயே நம்பிக்கை இழந்துவிடுவார்.

லாட் எண் பழைய வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் பதறாதீர்கள். 1950களிலும் 60களிலும் நடந்த தோட்டத் துண்டாடலில் ஏராளமான பட்டாக்கள் உடைந்து புதிய எண் பெற்றன. அந்தத் துண்டாடலைச் சமாளிக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆகவே ஒரே வீட்டுக்கு வெள்ளைக்காரக் கம்பெனி, துண்டாடிய வியாபாரி, இன்றைய உரிமையாளர் என்று மூன்று தலைமுறைப் பட்டா இருக்கலாம். மூன்றையும் கோர்த்து ஒரு பக்கத்தில் அட்டவணையாகப் போடுங்கள்.

இன்னொன்று. 40 ஹெக்டருக்குக் குறையாத, ஒன்றோடொன்று ஒட்டிய விவசாய நிலத்தைத் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு தோட்ட நிலம் என்கிறது. அதைக் கைமாற்ற மாநிலத்தின் தோட்ட நில வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். தோட்டம் விலைபோகப் போகிறது என்ற பேச்சு ஊரில் அடிபட்டால், இந்த விண்ணப்பம் போயிருக்கிறதா என்று மாநில ஆட்சிக்குழு உறுப்பினர் அலுவலகம் மூலமாகக் கேட்டுப் பாருங்கள். காப்பிக்கடையில் கிடைக்கும் தகவலைவிட இது நம்பகமானது.

எல்லை போடுவது

மரபுடைமைத் தலம் என்றால் வீடு மட்டும் போதாது, மொத்தத் தோட்டமும் வேண்டாம். வீடு, அதன் காம்பவுண்டு, தனியாக நிற்கும் சமையல்கட்டு, வேலைக்காரர் அறை, கிணறு, வீட்டுக்கு வரும் வழியின் கடைசிப் பகுதி, நிழல் மரங்கள் இவ்வளவும் உள்ளே வரட்டும். செம்பனை வரிசை தொடங்கும் இடத்தில் கோடு போடுங்கள். ஒரு பெரிய தோட்டக் கம்பெனியிடம் போய் 1 ஏக்கர் கேட்பது வேறு, 400 ஏக்கரைக் கட்டிப்போடுவது வேறு. எல்லை போடாமல் ‘இந்தத் தோட்டத்தைக் காக்க வேண்டும்’ என்று எழுதினால் கம்பெனியின் சட்டப் பிரிவு மறுநாளே ஆட்சேபம் எழுதத் தொடங்கிவிடும்.

கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறும், மரத்தடியில் இன்னும் அதிகம். முதல் மனுவுக்கு அது போதும், ஆனால் தோராயமான எல்லை என்று எழுதிவிடுங்கள். நான்கு மூலைக்கும் ஆயங்கள் குறித்து, அருகிலுள்ள எல்லைக்கல்லிலிருந்து டேப் பிடித்த தூரத்தையும் சேருங்கள். கெசட்டுக்குப் போகும் கட்டத்தில் உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடம் தேவைப்படும்.

சான்று சேர்ப்பது

தோட்டத்து வரலாற்றில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. துரை எழுதியது லண்டனில் இருக்கிறது, தொழிலாளி சொன்னது யாரும் எழுதாமல் போய்விட்டது. இரண்டும் கோப்பில் வர வேண்டும். துரை பங்களாவாகவே இருந்தாலும், அந்தப் படிக்கட்டின் கீழே நின்று சம்பளம் வாங்கியவர்கள் பக்கத்துக் கதை இல்லாத மனு பாதி மனுதான்.

எழுத்துச் சான்றிலிருந்து தொடங்குங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன், தமிழ் முரசு எல்லாம் தேடக் கிடைக்கின்றன. தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலைப் போட்டால் ஒன்றும் வராது. 1972க்கு முந்தைய மலாய் எழுத்துக்கூட்டலில் சுங்கை என்பதன் கடைசிக்கு முந்தைய எழுத்து ‘ஏ’ (a) அல்ல, ‘ஈ’ (e). தஞ்சோங்கில் ‘யூ’ (u) இல்லை, ‘ஓ’ (o). தோட்டத்தின் பெயர், கம்பெனியின் பெயர், அதற்காகத் தோட்டத்தை நிர்வகித்த ஏஜென்சி நிறுவனத்தின் பெயர் மூன்றையும் தனித்தனியே தேடுங்கள். தொழிலாளர்கள் புழங்கிய தமிழ்ப் பெயர் ஆங்கிலப் பத்திரிகையில் இருக்காது.

ஏஜென்சி நிறுவனங்களில் ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டின் ஆவணங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் (2024 வரை லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆவணக் காப்பகம் என்ற பெயர்) உள்ளன. இப்படிப்பட்ட தொகுப்புகளில் நீங்கள் கேட்க வேண்டியது விசிட்டிங் ஏஜெண்ட் அறிக்கை. குறிப்பிட்ட இடைவெளியில் தோட்டத்தைப் பார்வையிட வந்தவர், மரம், பால், கூலி இவற்றோடு கட்டடங்களின் நிலையையும் எழுதியிருப்பார். ‘புதிய பங்களா முடிந்தது’ என்ற ஒரு வரி கிடைத்தால் வீட்டின் வயது அதில் நிற்கும். கம்பெனியின் ஆண்டறிக்கையில் கட்டடச் செலவு என்ற தலைப்பையும் பாருங்கள். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் மாவட்ட அலுவலகக் கோப்புகளையும் பழைய நில வரைபடங்களையும் கேளுங்கள்.

ஊருக்குள்ளே இருக்கும் காகிதங்களைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். செக்ரோல் புத்தகம் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு), தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கோவில் உபயப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை. பழைய கல்யாணப் பத்திரிகையில் மணமகன் இல்லம் என்ற இடத்தில் ‘பெரிய கிராணி வீடு’ என்று தோட்டப் பெயரோடு அச்சாகியிருக்கும், தேதியும் இருக்கும். வீட்டு வாசலில் எடுத்த குடும்பப் படங்களின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை அல்லது பென்சில் தேதி இருக்கும். ஒரிஜினலை வாங்காதீர்கள். அந்த வீட்டிலேயே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, யாருடையது, யார் யார் படத்தில் என்று எழுதி, உபயோகிக்க அனுமதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாய்மொழியை ஆண்டு கேட்டு வாங்க முடியாது. எண்பது வயதுப் பாட்டியிடம் ‘எந்த வருஷம் பாட்டி?’ என்றால் ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார். ‘ஜப்பான்காரன் வந்தபோது இந்த வீட்டில் யார் இருந்தது? சயாமுக்கு ஆள் பிடித்தது இந்தக் களத்திலிருந்தா? கம்பிவேலி போட்டது எப்போது? மே 13க்கு முன்னா, பின்னா?’ என்று கேளுங்கள். ஜப்பான் காலம் 1941 டிசம்பரிலிருந்து 1945, அவசரகாலம் 1948 ஜூனிலிருந்து 1960 ஜூலை, மே 13 கலவரம் 1969. இந்த மூன்று ஆணியில் பெரும்பாலான நினைவுகளை மாட்டலாம். ஒரே செய்தியை ஒருவரையொருவர் சந்திக்காத இருவர் சொன்னால் அதை எழுதுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் ஒருவர் சொன்னது என்றே எழுதுங்கள். முக்கியமான வாக்குமூலத்தைச் சத்தியப் பிரமாணமாக்கி, பெசுருஜாயா சும்பா, அதாவது சத்தியப் பிரமாண ஆணையர், முன்னிலையில் கையெழுத்திடச் செய்யலாம்.

சுங்கை சிப்புட்டில் ஒரு சோதனை கட்டாயம். 1948 ஜூன் 16ஆம் தேதி அந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் பிரகடனமானது. அதனால் அங்கே எந்தப் பழைய பங்களாவைப் பற்றிக் கேட்டாலும் ‘சுட்டது இங்கேதான்’ என்று ஒருவர் சொல்வார். எல்பில் தோட்டமா வேறு தோட்டமா, ஆபீஸா வீடா என்று அன்றைய பத்திரிகைச் செய்தியோடு ஒப்பிடாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். ஒரு பொய் வரி நிரூபணமானால் உண்மையான மற்ற வரிகளும் சேர்ந்து விழும்.

கட்டடமே ஒரு சான்று. கூரை ஓட்டில் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் கம்பெனி முத்திரை அச்சாகியிருக்கும். சிறிய தேனீ உருவமும் மார்செய், செயின்ட் ஆந்த்ரே என்ற ஊர்ப்பெயரும் இருந்தால் அது கிஷார் கார்வாங் நிறுவனத்தின் பிரெஞ்சு ஓடு. கப்பலில் வந்து மலாயா முழுக்கக் கூரையேறிய சரக்கு. இந்திய ஓடாக இருந்து பாசல் மிஷன் என்றிருந்தால் ஒரு காலம், காமன்வெல்த் என்றிருந்தால் முதல் உலகப் போருக்குப் பிந்திய காலம். போரின்போது ஜெர்மன் தொடர்பு காரணமாக மிஷன் ஆலைகள் கைமாறின. ஆனால் ஓடு சொல்வது ஓட்டின் வயதை மட்டும்தான். இடிந்த ஸ்டோரிலிருந்து எடுத்து வேய்ந்ததாகவும் இருக்கலாம். செங்கல் முத்திரை, பூட்டு, கீல், பீங்கான் மின்கட்டை என்று இன்னும் இரண்டு சான்று ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கூரை நெளிவுத் தகடு சாம்பல் நிறத்தில், தகரம்போல் ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் ஆகலாம். துளையிடவோ உடைக்கவோ வேண்டாம், படம் மட்டும் எடுங்கள்.

முக்கியத்துவம் சொல்லும் ஒரு பக்கம்

அதிகாரி முழுமையாகப் படிப்பது இந்த ஒரு பக்கத்தைத்தான். மலாயில், ஏ4 தாளில், ஒரே பக்கம். தேசிய மரபுடைமைக்கான 67ஆம் பிரிவின் அளவுகோல்களையே தலப் பதிவுக்கும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்: மலேசிய வரலாற்றோடு உள்ள தொடர்பு, வடிவமைப்பு, தொழில்நுட்பப் புதுமை, சமூக பண்பாட்டுப் பிணைப்பு, கல்விக்கு உதவும் தன்மை, அரிதாயிருத்தல், ஒரு வகைக்குப் பிரதிநிதியாயிருத்தல். எல்லாவற்றையும் பிடித்துத் தொங்காதீர்கள். இரண்டோ மூன்றோ போதும். துரை பங்களாக்கள் நாட்டில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கின்றன. மரத்தூணில் நிற்கும் கிராணி வீடோ முழு லயமோ மிஞ்சுவது அரிது. அங்கே ‘அரிதானது’, ‘வகைக்குப் பிரதிநிதி’ என்ற இரண்டுதான் உங்கள் பலம். அழகு என்ற வாதத்தை லயத்துக்குப் போடாதீர்கள், எடுபடாது. கட்டடத்துக்கு நூறு வயதாக வேண்டும் என்ற நிபந்தனையும் இந்தச் சட்டத்தில் இல்லை.

‘பழமை வாய்ந்தது, நம் மூதாதையர் இரத்தமும் வியர்வையும் சிந்தியது’ என்ற வாக்கியத்தை வெட்டிவிடுங்கள். அது உண்மைதான், ஆனால் நாட்டில் உள்ள எல்லாத் தோட்டத்துக்கும் பொருந்தும். இந்த வீட்டுக்கு மட்டும் பொருந்துவது எது? பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) இந்த வாசலில் நடந்ததா? முதல் தமிழ்ப்பள்ளி வகுப்பு இந்தத் தாழ்வாரத்தில் நடந்ததா? அதைச் சொல்லி, பக்கத்திலேயே சான்றின் எண்ணைப் போடுங்கள்.

அளவும் படமும்

தரைப்படம் 1:100, முகப்புகள் 1:100, வெட்டுத்தோற்றம் 1:50, கதவு, சன்னல், படிக்கட்டுக் கைப்பிடி போன்றவை 1:10. கட்டடக் கலை மாணவர்களுக்கு அளவெடுத்து வரைவது பாடத்திட்டத்திலேயே உண்டு. பேராக்கில் ஸ்ரீ இஸ்கந்தரில் உள்ள யுஐடிஎம் பல்கலைக்கழக வளாகத்தில் அந்தத் துறை இருக்கிறது. பருவம் தொடங்குமுன் விரிவுரையாளருக்கு எழுதினால் உங்கள் வீட்டையே பாடமாக எடுக்க வாய்ப்புண்டு. பருவம் பாதியில் எழுதினால் அடுத்த ஆண்டுதான்.

நீங்களே அளந்தால், சுவரின் ஒரு முனையில் டேப்பின் பூஜ்யத்தை வைத்து எல்லாச் சன்னலையும் அதே ஓட்டத்தில் படியுங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் சில மில்லிமீட்டர் சேர்ந்து, கடைசி அறை வரைபடத்தில் பொருந்தாது. ஒவ்வோர் அறைக்கும் இரண்டு மூலைவிட்டமும் எடுங்கள். இரண்டும் வேறுபட்டால் அறை கோணலாகியிருக்கிறது, பெரும்பாலும் கீழே ஒரு தூண் இறங்கியிருக்கும். லேசர் அளவி வெயிலில் புள்ளி தெரியாமல் ஏமாற்றும், வெளிச்சுவருக்கு டேப்தான்.

படத்தில் நான்கு முகப்பும், ஒவ்வோர் அறையின் எதிரெதிர் மூலையிலிருந்து இரண்டு கோணமும், கூரையின் உட்பக்கமும், வீட்டடித் தூண்களும் வர வேண்டும். மீட்டர் குறித்த குச்சி ஒன்று ஒவ்வொரு முகப்புப் படத்திலும் நிற்கட்டும். மழை பெய்யும்போதும் ஒரு சுற்று எடுங்கள். ஒழுக்கு எங்கே, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது வெயில் படத்தில் தெரியாது.

உரிமையாளரும் மனுவும்

உரிமையாளர் சம்மதம் இல்லாமலும் ஆணையர் நடவடிக்கையைத் தொடங்கலாம். ஆனால் நடைமுறையில், எதிர்க்கும் உரிமையாளரும் தயங்கும் மாநில அரசும் சேர்ந்தால் கோப்பு நகராது. நிலம் மாநில விவகாரம். மாநிலத்தில் உள்ள ஓர் இடத்தைத் தலமாக அறிவிக்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே பத்திரிகைக்குப் போகுமுன் தோட்ட மேனேஜரையும், அவர் மூலம் தலைமையகத்தையும் பாருங்கள். மேனேஜருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, ஆனால் அவர் எழுதும் குறிப்புதான் மேலே போகும். எல்லை வரைபடத்தை முதலில் காட்டுங்கள். நிலம் அவர்களுடையதாகவே இருக்கும், விற்கவும் முடியும், கைமாற்றும்போது முன்கூட்டியே ஆணையருக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும் என்று விளக்குங்கள். பழுதுபார்க்க மரபுடைமை நிதியிலிருந்து உதவி கேட்க வழியிருக்கிறது என்பதையும் சொல்லலாம். கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

மனுவை ஆணையரின் பெயருக்கு அனுப்புங்கள். நகல் நகராண்மைக் கழகத் திட்டமிடல் பிரிவுக்கும், மாவட்ட அதிகாரிக்கும், மாநில ஆட்சிக்குழுவில் பண்பாடு பார்ப்பவருக்கும். தனிநபரும் அனுப்பலாம். ஆனால் கோவில் நிர்வாகமோ முன்னாள் மாணவர் சங்கமோ, பதிவு பெற்ற அமைப்பாக அனுப்பினால் ஆள் மாறினாலும் கோப்பு மாறாது. நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். ஆயிரம் கையெழுத்து சேர்ப்பதில் காலத்தைப் போக்க வேண்டாம். கையெழுத்தால் ஆதரவு தெரியும், முக்கியத்துவம் தெரியாது.

அதன்பின் அதிகாரிகள் பார்வையிட வருவார்கள். ஆணையர் முன்னெடுத்தால் உரிமையாளருக்குக் குறைந்தது 60 நாள் அவகாசத்தோடு எழுத்து அறிவிப்பு போகும், கெசட்டிலும் பத்திரிகையிலும் வெளியாகும். ஆட்சேபம் வந்தால் விசாரணை நடக்கும். அந்த நாளுக்கு அசல் சான்றுகளை அடுக்கி வைத்திருங்கள். மொத்தம் எவ்வளவு காலமாகும் என்பதற்குக் கணக்குச் சொல்ல முடியாது. மாதக் கணக்கு என்று நினைத்து இறங்குபவர்கள்தான் நடுவில் கைவிடுகிறார்கள்.

இடிக்க ஆள் வந்துவிட்டால், முதலில் மன்றத்தின் ஓஎஸ்சி பிரிவில் (அனுமதி விண்ணப்பங்களை ஒரே இடத்தில் கவனிக்கும் மையம்) இடிப்பு அனுமதி உண்டா என்று அன்றே கேளுங்கள். அனுமதி இல்லை என்றால் அங்கேயே எழுத்துப் புகார் கொடுங்கள். அதே நாளில் ஆணையருக்கு 33ஆம் பிரிவின்கீழ் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கேட்டு எழுதுங்கள். இது குறுகிய காலத்துக்கு மட்டுமே கைகொடுக்கும். மேலே சொன்ன கோப்பு தயாராக இருந்தால்தான் இந்தக் கடிதத்துக்கு எடை. வெறும் கடிதத்தை வைத்து ஆணை போட எந்த அதிகாரியும் துணிய மாட்டார்.

காத்திருக்கும்போது வீட்டுக்குச் செய்யக் கூடாதவை

நல்லெண்ணத்தால் அழிந்த வீடுகள் நிறைய. அதிகாரி வருமுன் ‘கொஞ்சம் அழகுபடுத்துவோம்’ என்று மரச்சன்னலைக் கழற்றி அலுமினியம் போடுவது, பலகைத் தரைமேல் டைல்ஸ் ஒட்டுவது, சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்டு பூசுவது. கடைசியானதுதான் கொடியது. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காரை வழியாக அதை வெளியே விடும். சிமெண்டு பூசினால் வழி அடைபடும். ஈரம் மேலே மேலே ஏறி, உப்பு பூத்து, செங்கல் மாவாக உதிரும். இரண்டு மழைக்காலத்தில் சிமெண்டு பாளம்பாளமாகக் கழன்று பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். அவசரமாக ஒட்டுப்போட வேண்டுமென்றால் 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு கழுவிய ஆற்று மணல், ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். வெயில் நேரே படாமல் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காமல் சுண்ணாம்புதான்.

செய்ய வேண்டியவை எளியவை. மழைநீர்க் குழாயில் இலை அடைக்காமல் பாருங்கள். உடைந்த ஓட்டை அதே அளவு ஓட்டால் மாற்றுங்கள், கிடைக்கும்வரை தார்ப்பாய் போதும். வீட்டடித் தூணைச் சுற்றி மண் குவிந்திருந்தால் அகற்றுங்கள். மரம் தொடங்கும் இடத்துக்கும் தரைக்கும் இடையே 150 மில்லிமீட்டராவது வெறுமையாகத் தெரிய வேண்டும், இல்லையென்றால் கரையான் மண்குழாய் கட்டி ஏறுவது கண்ணில் படாது. வீட்டின் கீழே விறகு அடுக்கக் கூடாது. மாதம் ஒருமுறை டார்ச் அடித்து ஒவ்வொரு தூணையும் பார்த்துத் தேதியோடு குறித்து வையுங்கள். இந்தக் குறிப்பேட்டையும் கோப்பில் சேர்த்தால் வீட்டைப் பராமரிக்க ஆள் இருக்கிறது என்று அதிகாரிக்குத் தெரியும்.

கடைசியாக, வீட்டில் இன்னும் ஆள் குடியிருந்தால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஓய்வுபெற்ற தொழிலாளி கம்பெனியின் அனுமதியில் குடியிருக்கிறார் என்றால், கெசட் ஆவதால் அவருக்கு வீட்டுரிமை வராது, வெளியேற்ற நோட்டீசையும் அது தடுக்காது. அது தனி வழக்கு, தனி வழக்கறிஞர். அதே போல, பின்னால் அருங்காட்சியகமாகவோ ஹோம்ஸ்டேயாகவோ மாற்ற நினைத்தால் விவசாய நிலத்தின் பயன்பாட்டு நிபந்தனையை மாற்ற நில அலுவலகத்தில் வேறு விண்ணப்பம் போட வேண்டும். பட்டாவில் வகை ‘பெர்த்தானியான்’, அதாவது விவசாயம், என்றிருக்கும்வரை டிக்கெட் கிழிக்க முடியாது.